கைவிட்ட வழிகளையும் பதிவு செய்தல்: ப்ரொவ்-ஓ, ஐபிஸ், சிடாக் சிஆர்எம் ஓர் ஒப்பீடு

பழைய பாலம் ஒன்றை இடித்துக் கட்டுவதா, வலுப்படுத்துவதா, கனரக வண்டிகளை மட்டும் தடுப்பதா என்று ஒரு குழு கூடிப் பேசி, வலுப்படுத்துவதென முடிவெடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சில ஆண்டுகளில் புதிய விரிசல் தென்பட்டால், கையெழுத்திட்டவர் யார் என்பதோடு கேள்வி நிற்காது. இடித்துக் கட்டும் யோசனை எதனால் கைவிடப்பட்டது, குழுவின் முன் அன்று இருந்த ஆய்வறிக்கை எது என்பவையும் கேட்கப்படும். இவற்றுக்கு இயந்திரமே தேடி விடை தரும்படி பொருண்மை வலையில், அதாவது தரவின் அர்த்தத்தை இயந்திரமும் கையாளும்படி இணைத்து எழுதும் வலையில், பதிய விரும்புவோர் பெரும்பாலும் மூன்று மாதிரிகளை எடைபோடுகிறார்கள்.

முதலாவது, வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2013 ஏப்ரல் 30 அன்று பரிந்துரையாக வெளியிட்ட ப்ரொவ்-ஓ. பொருள், செயல்பாடு, செய்வோர் என்ற மூன்று வகுப்புகளும், அவற்றை இணைக்கும் பயன்படுத்தியது, உருவாக்கியது, வழிவந்தது, சார்பாகச் செயல்பட்டது போன்ற உறவுகளுமே இதன் அடித்தளம். ஆய்வறிக்கையின் முதல் பதிப்பைக் கூட்டம் பயன்படுத்தியது, இரண்டாம் பதிப்பு அதன் திருத்தம் என்று எழுதிவிட்டால், பிற்காலத் திருத்தத்தை வைத்து அன்றைய குழுவைக் குறைகூறும் அநீதிக்கு இடமில்லாமல் போகிறது. கால வரிசையிலும் பொறுப்பை இனங்காட்டுவதிலும் இதற்கு நிகரானது மற்ற இரண்டில் இல்லை என்பது என் கருத்து.

ஆனால், ஏன் என்ற கேள்விக்கென ப்ரொவ்-ஓவில் தனி உறவு கிடையாது. கைவிடப்பட்ட யோசனையைக் கூட்டம் பயன்படுத்திய ஒரு பொருளாகத்தான் எழுத முடியும். ஆய்வறிக்கையும் அதே உறவில்தான் இணைகிறது. ஆகவே சான்று எது, தள்ளுபடியான மாற்று எது என்று ஸ்பார்க்கிள் என்ற வினவல் மொழியால் பிரித்தறிய இயலாது. பயன்பாட்டைத் தனி முனையாக விரித்து அதற்கு ஒரு பங்கை ஒட்டலாம் என்பது உண்மைதான். ஆயினும் அந்தப் பங்குகளுக்கான சொற்பட்டியலை ப்ரொவ்-ஓ தருவதில்லை. ஒருவர் நிராகரித்த மாற்று என்றும் இன்னொருவர் தேர்வாகாத யோசனை என்றும் பெயரிட்டால், இரு நிறுவனங்களின் தரவுகள் ஒரே வடிவத்தில் இருந்தும் அர்த்தத்தால் ஒட்டாமல் நிற்கும்.

இந்தக் குறை இல்லாதது ஐபிஸ். வெர்னர் குன்ஸும் ஹோர்ஸ்ட் ரிட்டெலும் 1970இல் முன்வைத்த இந்த முறை வலை பிறப்பதற்கு முந்தையது. பொருண்மை வலையின் தரவு வடிவமான ஆர்டிஎஃப்பில் அதை எழுதும் முறைகள் பின்னாளில் வந்தவை. பிரச்சினை, நிலைப்பாடு, வாதம் என்பவை இதன் உறுப்புகள். பாலத்தை என்ன செய்வது என்பது பிரச்சினை, மூன்று வழிகளும் மூன்று நிலைப்பாடுகள், ஒவ்வொன்றையும் ஆதரித்தும் மறுத்தும் வாதங்கள். வென்ற நிலைப்பாட்டுக்கும் தோற்றதற்கும் இங்கே சம இடம் உண்டு. ஒரு வாதத்தை எழுப்பியவர் யார், எந்த அறிக்கையை நம்பி, எந்த நாளில் என்பவற்றைக் கேட்டால்தான் இம்முறை தடுமாறும்.

மூன்றாவதான சிடாக் சிஆர்எம், 2006இல் ஐஎஸ்ஓ 21127 என்ற தரமானது. அருங்காட்சியகத் தரவுகளுக்காகப் பிறந்தது. ஒரு செயலைத் தூண்டியது எது என்பதற்குத் தனிப் பண்பு வைத்திருப்பதால், காரணத்தைச் சொல்லும் வகையில் ப்ரொவ்-ஓவை இது முந்துகிறது. ஆனால் நிர்வாக முடிவு ஒன்றைப் பதிவதற்காக மட்டும் இதை முழுதாகக் கற்பது, ஊசி வாங்க உலைக்களம் வைப்பதைப் போன்றது.

என் தேர்வு, முதல் இரண்டையும் அடுக்குவதே. விவாதத்தை ஐபிஸ் உறுப்புகளால் எழுதி, அதை ஒரு பெயரிட்ட வரைபடத்துள், அதாவது தனிப்பெயர் சூட்டிய கூற்றுத் தொகுப்பினுள், வைத்து, அந்த வரைபடத்தையே ப்ரொவ்-ஓவின் ஒரு பொருளாகக் கருதி, எந்தக் கூட்டம் அதை உருவாக்கியது, எவற்றைப் பயன்படுத்தியது என்று வெளியிலிருந்து சொல்ல வேண்டும். இதில் ஒரு நெருடல் உண்டு. 2014இல் வந்த ஆர்டிஎஃப் 1.1 பெயரிட்ட வரைபடங்களை ஏற்றாலும், அந்தப் பெயர் எதைச் சுட்டுகிறது என்பதைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆகவே, பெயர் அந்த வரைபடத்தையே குறிக்கும் என்ற உடன்பாட்டை நாமே எழுதி வைத்துக்கொள்ள வேண்டியுள்ளது.

எந்த மாதிரியை எடுத்தாலும் திறந்த உலகக் கருதுகோள் கூடவே வரும். அதாவது, மறுப்பு வாதம் பதிவாகவில்லை என்றால் மறுப்பே எழவில்லை என்று பொருளாகாது. பதிவு முழுமையா என்று சோதிக்க, வகுப்புகளையும் உறவுகளையும் வரையறுக்கும் இத்தகைய மாதிரி (ஆன்டாலஜி) உதவாது. அந்த வேலை, தரவு விதிகளுக்கு உட்பட்டிருக்கிறதா என்று சரிபார்க்கும், 2017இல் டபிள்யூ3சி பரிந்துரையான ஷாக்கிள் மொழியுடையது. ஒவ்வொரு முடிவுக்கும் குறைந்தது இரண்டு நிலைப்பாடுகள் வேண்டும், தேர்வாகாத ஒவ்வொன்றுக்கும் ஒரு மறுப்பு வாதமாவது வேண்டும் என்ற இரண்டு விதிகளே பெரும்பாலான ஓட்டைகளைக் காட்டிக் கொடுத்துவிடும்.

பல ஆண்டுகளுக்கு முன் எடுத்த முடிவை இன்று நினைவிலிருந்து மீட்டு எழுதும்போது மட்டும் நான் சிடாக் சிஆர்எம்மிடம் ஒன்றைக் கடன் வாங்குவேன். ஒரு பொருளுக்கு இன்ன பண்பு உண்டென ஒருவர் சாற்றியதையே தனி நிகழ்வாகப் பதியும் வகுப்பு அதில் உள்ளது. கூட்டம் நடந்த நாளும், அதன் காரணத்தை ஒருவர் நினைவுகூர்ந்து எழுதிய நாளும் ஒரே செயல்பாட்டில் கலந்துவிட்டால், பின்னால் புனைந்த நியாயம் அன்றைய காரணமாக வேடமிட்டு நிற்கும். ப்ரொவ்-ஓவிலும் இரண்டையும் தனித்தனிச் செயல்பாடுகளாக எழுத முடியும், ஆனால் அது நம்மை அப்படி எழுதத் தூண்டுவதில்லை.