டிடிஆர்5 6000 சிஎல்30 ரேம்: தாமதம் குறைகிறதா?

பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் 6000 என்ற எண்ணைவிட, ஓரத்தில் சிறிதாக இருந்த சிஎல்30 (தரவுக்காகக் காத்திருக்க வேண்டிய கடிகாரச் சுழற்சிகளின் எண்ணிக்கை) என்பதற்காகவே இந்த ரேமை வாங்கினேன். நொடிக்கு 600 கோடிப் பரிமாற்றங்கள் (சுழற்சிக்கு இரண்டு வீதம்) நிகழ்ந்தாலும் கடிகாரம் 3000 மெகாஹெர்ட்ஸில்தான் ஓடுகிறது என்பதால், படிக்கும் கட்டளைக்குப் பின் முதல் தரவு வெளிவர 30 சுழற்சிகள், அதாவது 10 நானோநொடி ஆகிறது. என்னிடம் முன்பிருந்த 4800 சிஎல்40 ரேமில் இதுவே ஏறத்தாழ 16.7 நானோநொடி. தேவையான தரவு இருக்கும் நினைவக வரிசை ஏற்கெனவே திறந்திருந்தால் மட்டுமே இக்கணக்கு பொருந்தும். இல்லையெனில் பழைய வரிசையை மூடிப் புதியதைத் திறக்கும் நேரமும் சேரும். கணினியின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸில் எக்ஸ்எம்பியை (ரேமை அறிவிக்கப்பட்ட வேகத்தில் ஓட வைக்கும் அமைப்பு) இயக்கும்வரை ரேம் மெதுவான இயல்பு வேகத்திலேயே ஓடியது; உடன் வந்த தாளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பெரிய நிரல்களைத் தொகுக்கும்போது வேறுபாடு தெரிகிறது. இணையம் பார்க்க மட்டும் என்றால் கூடுதல் செலவு வீண்.