சட்டக் கல்லூரிச் சோதினைக்குப் படிக்கிறவர்களுக்கு: கிளிநொச்சியில் ஒரு போட்டோக்கொப்பிக் கடை

கிளிநொச்சிச் சந்தைக்குக் கிட்ட, ஏ9 வீதியோரம் இருக்கிற இந்தக் கடைக்குத் தனிப்பெயர் இல்லை. பலகையில் "போட்டோக்கொப்பி, பிரின்ட், லமினேற்றிங்" என்று மட்டும் எழுதியிருக்கும். பிறப்புச் சான்றிதழுக்குக் கொப்பி எடுக்க வருகிறவர்கள்தான் கூட. ஆனால் வன்னியில் இருந்துகொண்டு சட்டக் கல்லூரிப் பரீட்சைகளுக்கு ஆயத்தம் செய்கிற எவரும் என்னிடம் கேட்டால், ரியூசனுக்குக் காசு கட்ட முதல் இங்கே போய்ச் சட்டங்களைப் புத்தகமாகக் கட்டி எடுங்கள் என்றுதான் சொல்லுவேன்.

நான் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் கிளாக்காக வேலை செய்கிறேன். விசுவமடுவிலிருந்து பரந்தன் வழியாக பஸ்ஸில் வந்துபோகிறேன். கொழும்பு புதுக்கடையில் கல்லூரிக்குப் பக்கத்தில் அறை எடுத்துத் தங்கிப் படிக்க எனக்கு வழியில்லை. என் படிப்பு முழுக்க பஸ்ஸிலும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகும்தான். அப்படிப் படிக்கிறவருக்குக் கையில் எடுத்துப் போகக்கூடிய புத்தகம் வேண்டும்.

சட்டங்கள் இணையத்தில் சும்மா கிடக்கின்றனவே என்று சிலர் கேட்பார்கள். கிடக்கின்றன. பழைய கட்டளைச் சட்டங்கள் சரிந்தும் மங்கியும் ஸ்கான் செய்யப்பட்டிருக்கும். தமிழில் தட்டச்சுச் செய்த கோப்பு பாமினி எழுத்துருவில் இருந்தால், வேறு கடையில் திறந்தவுடன் ஆங்கில எழுத்தும் குறியீடுமாகக் கொட்டும். இந்தக் கடையில் அந்த எழுத்துரு இருக்கிறது. கடைக்கார அண்ணை ஒவ்வொரு பக்கத்தையும் திரையில் பார்த்து, மங்கலானதைக் கறுப்பாக்கி, சரிந்ததை நிமிர்த்தித்தான் பிரின்ட் கொடுப்பார். ஒருமுறை ஒரு பக்கம் விடுபட்டிருப்பதை அவரே கண்டுபிடித்துச் சொன்னார். பிரிவு இலக்கம் தாண்டிப் போயிருந்ததாம். சட்டம் படிக்காத ஒருவர் அதைக் கவனித்தது எனக்குப் பெரிய விசயம்.

கட்டும் விதத்துக்கும் அவரிடம் ஒரு தீர்மானம் உண்டு. நான் பசை போட்டுக் கட்டச் சொன்னபோது, "தங்கச்சி, எங்கட வெயிலுக்கு அது சோதினைக்கு முதலே கழண்டிடும். ஸ்பைரல் போடுறன், பிறகு தாள் சேர்க்கவும் ஏலும்" என்றார். அந்தக் கடைசிச் சொல்லுக்காகவே ஸ்பைரல்தான் சரி. எங்கள் சட்டங்கள் பழையவை, திருத்தங்கள் நிறைய. தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டினது. அதில் பாலியல் குற்றங்களைப் பற்றிய பகுதியை 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் பெரிதாக மாற்றிவிட்டது. திருத்தத்தைச் சேர்க்காமல் பழைய கோவையை மட்டும் கட்டி வைத்துப் படித்தால், பாலியல் வல்லுறவு பற்றிய 363ஆம் பிரிவில் இன்று இல்லாத சட்டத்தைத்தான் பாடமாக்குவீர்கள். சான்றுக் கட்டளைச் சட்டம் 1895இனது. கணினிச் சான்று, ஒலிப்பதிவு பற்றிய 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தை அதன் பின்னாலேயே கோர்த்து வாங்கினேன்.

இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் ஆங்கிலம் என்று எதிரெதிராக வைத்தும் தருவார். எல்லாச் சட்டத்துக்கும் இது தேவையில்லை, செலவும் இரட்டிப்பு. சான்றுச் சட்டத்துக்கு மட்டுமாவது செய்யுங்கள். பரீட்சையை ஆங்கிலத்தில் மட்டும்தான் எழுதவேண்டும் என்று 2020 டிசம்பரில் வந்த ஒழுங்குவிதியை 2023 மார்ச்சில் பாராளுமன்றம் தோற்கடித்தது. அதனால் நாங்கள் தமிழில் எழுதலாம். அது எங்கள் பிள்ளைகளுக்கு மிகப் பெரிய ஆறுதல். ஆனாலும் உயர் நீதிமன்றத்தினதும் மேன்முறையீட்டு நீதிமன்றத்தினதும் தீர்ப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வருகின்றன. பிரிவை இரண்டிலும் அறிந்திருந்தால்தான் தீர்ப்பை வாசிக்க முடியும்.

இனிக் குறை. இதே கடையில் யாரோ எழுதிய சட்டக் குறிப்புகளும் கொப்பி போட்டு விற்கப்படுகின்றன. நல்ல விற்பனை. நான் ஒன்றைப் புரட்டிப் பார்த்தேன். கடன் வழக்குக்கு ஆறு வருடம் என்று ஒரே வரியில் இருந்தது. எந்த வழக்கை எத்தனை வருடத்துக்குள் போடவேண்டும் என்று சொல்கிற 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். எழுத்திலான ஒப்பந்தத்துக்கு 6 வருடம், எழுத்தில் இல்லாததற்கு 3 வருடம், கடைக்கணக்குக்கும் வேலைக்கூலிக்கும் 1 வருடம், தீங்குக்கு நட்டஈடு கேட்க 2 வருடம். எங்கள் அலுவலகத்துக்கு வருகிற ஒரு கூலிக்காரருக்கு ஆறு வருடம் இருக்கிறது என்று ஒரு வருங்காலச் சட்டத்தரணி சொல்லி அனுப்பினால் அவருடைய சம்பளம் போய்விடும். அந்தக் குறிப்புகளை விற்பதை நிறுத்தச் சொல்லி அண்ணையிடம் கேட்டிருக்கிறேன். பிள்ளைகள் கேட்கிறார்கள் என்கிறார். நீங்கள் வாங்காதீர்கள்.

அதே சட்டத்தோடு 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தையும் சேர்த்துக் கட்டச் சொல்லுங்கள். காணியில் பத்து வருடம் இடையூறில்லாமல் இருந்தவர் உரிமை கோரலாம் என்பது 1871ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு. இடம்பெயர்ந்து போனவரின் காணியில் இன்னொருவர் இருந்தால் என்ன ஆகும்? யுத்தத்தால் தன் உரிமையைக் காக்க முடியாமற் போனவருக்கு, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் எடுக்கக்கூடாது என்பதற்காகத்தான் அந்தப் புதிய சட்டம். இங்கே வளர்ந்தவருக்கு இதை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஒவ்வொரு ஊரிலும் ஒரு வேலிக்கதை இருக்கிறது.

என் திட்டத்தையும் சொல்கிறேன். காணிச் சட்டங்களை ஒரே கட்டாக வைத்திருக்கிறேன்: காணி உறுதி நொத்தாரிசு முன்னால் முடிக்கப்படவேண்டும் என்கிற 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கம், அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுக்கிற பெர்மிற் காணிகளுக்கான 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கம், யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமை. இது பஸ்ஸுக்கு. சான்றுச் சட்டம் வீட்டுக்கு, ஒவ்வொரு இரவும் சில பிரிவுகள். 24 தொடக்கம் 27 வரை, அதாவது குற்ற ஒப்புதல் வாக்குமூலங்கள், பார்க்காமல் எழுதவரும் மட்டும் திரும்பத் திரும்ப எழுதுவேன். குடியியல் நடவடிக்கைமுறைக் கோவை மிகத் தடிப்பு. அதை மூன்றாகப் பிரித்துக் கட்டுங்கள், ஒன்றாகக் கட்டினால் தூக்கவே மனம் வராது. ஞாயிறில் பழைய வினாத்தாள். முன்பு எழுதியவர்கள் கொடுத்த வினாத்தாள்கள் கடையில் ஒரு பைலில் இருக்கின்றன. அதற்குக் கொப்பிக் காசு மட்டும்தான்.

நுழைவுப் பரீட்சைக்கு ஆயத்தம் செய்கிறவர்களுக்கு இந்தக் கடையால் பெரிய பயனில்லை. அது மொழியும் பொது அறிவும் நுண்ணறிவும்தான். பத்திரிகை வாசியுங்கள்.

தாளின் கனத்தை 80 ஜி.எஸ்.எம். என்று கேட்டு வாங்குங்கள். கேட்காவிட்டால் 70இல் போடுவார். ஹைலைட்டர் அடித்தால் மறுபக்கம் தெரியும். குறிப்பெழுத இடது ஓரத்தில் இடம் விடச் சொல்லுங்கள். விலை தாள் விலையோடு ஏறி இறங்குகிறது, இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரே சட்டத்தைக் கொடுத்தால் குறைத்துப் போடுவார். கரண்ட் போனால் வேலை நின்றுவிடும், ஜெனரேற்றர் இல்லை. பாடசாலைத் தவணைச் சோதினைக் காலத்தில் வினாத்தாள் அடிக்கிற ஆசிரியர்கள் வரிசையில் நிற்பார்கள், அப்போது போனால் இரண்டு மூன்று நாள் பிந்தும். ஞாயிறு பூட்டு. பென் டிரைவைச் சனிக்கிழமை காலையிலேயே கொடுத்துவிட்டு, பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் அதில் ஒட்டிவிடுங்கள்.