மலைநாட்டு வீட்டை விற்க எந்தப் படம்: அகலவில்லைக் கமராவா, கைபேசியா?

ஹட்டனில் அத்தையின் வீட்டை விற்பதற்காக அதை இரண்டு தரம் படம் பிடித்தோம். முதலில் பணம் கொடுத்து ஒரு புகைப்படக்காரரை வரவழைத்தோம். பிறகு என் கைபேசியில் நானே எடுத்தேன்.

புகைப்படக்காரர் எடுத்தவை பார்வைக்கு அழகு. பத்தடிக்குப் பதினோரு அடி அறை கல்யாண மண்டபம் போல விரிந்திருந்தது. விளம்பரம் போட்ட வாரமே கொழும்பிலிருந்து மூன்று குடும்பங்கள் வந்தன. நான்கு மணி நேரத்துக்கு மேல் மலை ஏறி வந்தவர்கள், வாசலில் நின்றபடியே “படத்தில் பெரிதாக இருந்ததே” என்றார்கள். “முகம் சுருங்கிப் போகிறவர்களுக்கு எத்தனை தடவைதான் தேத்தண்ணீர் கொடுத்து அனுப்புவது, தம்பி?” என்று அத்தை கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை.

குற்றம் கமராவில் இல்லை, வில்லையில் இருந்தது. முழுச்சட்டக் கமராவில் (பழைய 35 மில்லிமீற்றர் படச்சுருள் அளவுக்கு உணரி உள்ளது) 16 மில்லிமீற்றர் வில்லை பக்கவாட்டில் ஏறக்குறைய 97 பாகையைப் பார்க்கும். 24 மில்லிமீற்றர் என்றால் 74 பாகை அளவுதான். அகலம் கூடக் கூட அருகிலுள்ள கதிரை நீளும், எதிர்ச்சுவர் தூரம் போகும். கைபேசிக்காரர்கள் நிம்மதி கொள்ள இடமில்லை. 0.5 என்று அழுத்தினால் வரும் வில்லை பெரும்பாலும் 13 மில்லிமீற்றருக்குச் சமம். அது புகைப்படக்காரரின் 16ஐவிட மோசமாக இழுக்கும். கைபேசியின் பிரதான வில்லையோ 24 முதல் 26 வரை. அதையே நெஞ்சு உயரத்தில், சுவர்க்கோடுகள் சாயாமல் நேராகப் பிடித்து, அறையின் மூலையில் முதுகை ஒட்டிக்கொண்டு எடுத்தேன். அறை சிறியதாகத்தான் தெரிந்தது. சிறிய அறைதானே.

கமரா உண்மையாகவே வெல்லும் இடம் யன்னல். மலைநாட்டில் வாங்குகிறவர் யன்னலுக்கு வெளியே தெரியும் தேயிலை மலைக்கும் சேர்த்துத்தான் விலை கொடுக்கிறார். கமராவின் வெளிச்ச அளவை அறைக்கு ஏற்ப வைத்தால் மலை வெளுத்துப் போகும். மலைக்கு வைத்தால் அறை இருண்டுவிடும். முக்காலியில் கமராவை நிறுத்தி, வெவ்வேறு வெளிச்ச அளவில் மூன்று படம் எடுத்து இணைத்தால் இரண்டும் கிடைக்கும். கைபேசியும் தானாக இணைக்கிறது, ஆனால் சில வேளை சாயம் பூசிய சித்திரம் போல ஆகிவிடுகிறது. காட்சிதான் வீட்டின் பெரிய சொத்து என்றால் புகைப்படக்காரருக்கே கூலி கொடுங்கள். கையோடு “16 வேண்டாம், 20க்குக் கீழே போகாதீர்கள்” என்று சொல்லிவிடுங்கள். அது முடியாதவர்கள் விடியற்காலையில், வெளியே வெயில் கடுமையாகும் முன், மின்குமிழ்களை அணைத்துவிட்டுக் கைபேசியில் எடுக்கலாம். குமிழின் மஞ்சளும் யன்னலின் நீலமும் கலந்தால் சுவரின் நிறமே தெரியாது.

கருவியைவிட நேரத்துக்கே நான் கூடுதல் மதிப்பெண் கொடுப்பேன். எங்கள் புகைப்படக்காரர் ஜூன் மாதத்தில், பிற்பகல் இரண்டு மணிக்கு வந்தார். முற்றத்துக்கு அப்பால் வெறும் வெள்ளை. மூடுபனியை முழுப் பகையாகக் கருத வேண்டாம்: நிழல் விழாத அந்த மெல்லிய ஒளி குசினிக்கும் அறைகளுக்கும் அருமையாகப் பொருந்தும். வெளிப்புறத்துக்குத்தான் காலை வெயில் வேண்டும். ஆகவே ஒரே நாளில் எல்லாவற்றையும் எடுத்து முடிக்கிறேன் என்பவரைவிட இரண்டு நாள் வரக்கூடியவரே மேல். சொந்தக் கைபேசிக்கு இதில் கூலியே இல்லை.

பருவமும் ஊருக்கு ஊர் மாறும். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவுக்கும் ஹட்டனுக்கும் ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. அதே ஜூன், ஜூலையில் மலையின் மறுபக்கமான பண்டாரவளையிலும் பதுளையிலும் வானம் பெரும்பாலும் திறந்திருக்கும்.

ட்ரோன் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் விதிகளுக்கு உட்பட்டே அதைப் பறக்கவிட வேண்டும்; 2019 ஏப்ரல் தாக்குதல்களுக்குப் பின் சில காலம் அடியோடு தடையும் இருந்தது. பத்துப் பேர்ச் காணிக்கு அது வீண் செலவு. ஏக்கர் கணக்கில் காணி இருந்தால், எல்லையும் பாதையும் சரிவும் ஒரே படத்தில் தெரியும் என்பதற்காக எடுக்கலாம்.

சரிவு என்றதும் சொல்லியாக வேண்டும். 2014இல் கொஸ்லாந்தை மீரியபெத்தை மண்சரிவைக் கண்டவர்கள் நாங்கள். 2025 நவம்பரில் டிட்வா புயலோடு வந்த மண்சரிவுகளையும் கண்டோம். மலையில் வீடு தேடுகிறவர் இன்று பின்பக்க மண்திட்டைத்தான் முதலில் பார்க்க விரும்புகிறார். முதல் தொகுதியில் அது ஒரு படத்தில்கூட இல்லை. நான் மூன்று எடுத்தேன்: மண் சரியாமல் கட்டிய கருங்கல் சுவர், அதில் நீர் வெளியேறும் துளைகள், வீட்டுக்கும் திட்டுக்கும் இடையிலுள்ள வெளி. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய மதிப்பீட்டுக்கு ஒரு படம் ஈடாகாது. ஆனால் மறைக்கவில்லை என்பதை அது காட்டும்.

இரண்டாம் விளம்பரத்துக்கு அழைப்புகள் குறைவு. ஒரேயொரு குடும்பம்தான் மலை ஏறி வந்தது. வந்தவர் விறாந்தையில் உட்காரக்கூட இல்லை. நேராகப் பின்பக்கம் போய், படத்தில் பார்த்த அந்தத் துளைகளைக் குனிந்து எண்ணினார். பிறகுதான் அத்தை தேத்தண்ணீர் வைத்தார். விலை பேசி முடிந்தபோது அது ஆறிப்போயிருந்தது.