54 லிட்டர் தொட்டிக்கு எந்த ஆப்பிரிக்க சிக்லிட்?

நீளம் 60 சென்டிமீட்டர், அகலம் 30, உயரம் 30. விளிம்புவரை நிரப்பினால் 54 லிட்டர். இந்த அளவுத் தொட்டியில் சிக்லிட் குடும்பத்து ஆப்பிரிக்க நன்னீர் மீன் வளர்க்க ஆசைப்பட்டால், கண் முதலில் போவது மஞ்சளும் நீலமுமாக மின்னும் ம்புனா மீன்கள்மேல்தான். மலாவி ஏரியின் பாறை இடுக்குகளில் வாழ்பவை. கடையில் விரல் நீளக் குஞ்சாகச் சாதுவாகத்தான் தெரியும்.

வாங்காதீர்கள். சாது என்று பெயரெடுத்த ‘மஞ்சள் லேப்’ என்ற ம்புனாகூட 10 சென்டிமீட்டர் வளரும். ம்புனாவில் ஆண் மீன் ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டு மற்ற ஆண்களை விரட்டும். ஏரியில் விரட்டப்பட்ட மீன் விலகிப் போய்விடும். தொட்டிக்குள் எங்கே போகும்? கிழிந்த வாலோடு ஹீட்டருக்குப் பின்னால், நீர்மட்டத்தை ஒட்டி ஒடுங்கி நிற்கும். அப்படி ஒரு மீனைப் பார்த்தபிறகு சின்னத் தொட்டியில் ம்புனா விட எனக்கு மனம் வரவில்லை. 120 சென்டிமீட்டர் தொட்டி வைக்க இடம் இருந்தால் அப்புறம் பேசலாம்.

மிச்சம் இரண்டு: டாங்கனிக்கா ஏரியின் மல்டி, மேற்கு ஆப்பிரிக்க ஓடைகளின் கிரிபென்சிஸ். இவற்றில் எது என்பதை உங்கள் குழாய்த் தண்ணீரே பாதி முடிவு செய்துவிடும். மல்டிக்குக் கடினமான, காரத்தன்மையுள்ள நீர் வேண்டும். பிஎச் 8-க்கு மேல். கிரிபென்சிஸுக்கு மென்மையான நீர், பிஎச் 7-ஐ ஒட்டி. ஒரே தொட்டியில் இரண்டையும் சேர்க்க முடியாது. மென்மையான நீரைப் பவளத் தூளும் சுண்ணாம்புக் கல்லும் போட்டுக் கடினமாக்குவது எளிது. கடின நீரை மென்மையாக்குவதுதான் பெரும்பாடு.

கிரிபென்சிஸில் பெண்தான் அழகி. முட்டையிடும் காலத்தில் வயிறு செர்ரி நிறமாகச் சிவக்க, உடலை வளைத்துக் காட்டி ஆணை அழைக்கும். கவிழ்த்த கொட்டாங்குச்சியில் ஒரு துளை போட்டு வைத்தால் போதும், அதுவே குகை. தாயும் தகப்பனுமாகக் குஞ்சுகளை மேய்த்துச் செல்வது பார்க்கப் பார்க்கத் திகட்டாது. ஆனால் இந்த அளவில் ஒரு ஜோடிதான். குஞ்சு பொரித்தால் கூட இருக்கும் மீன்களை மூலைக்குத் துரத்திவிடும். ஒரே ஈட்டில் பல பத்துக் குஞ்சுகள் வரும். அவற்றை யாருக்குக் கொடுப்பது என்று முன்பே யோசித்து வையுங்கள்.

என் ஓட்டு மல்டிக்குத்தான். முழுப்பெயர் நியோலாம்ப்ரோலோகஸ் மல்டிஃபேசியாட்டஸ். ஆணே 4, 5 சென்டிமீட்டரைத் தாண்டாது. பெண் அதிலும் சிறியது. வீடு, வெறும் நத்தை ஓடு. 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு மெல்லிய மணல், மீனுக்கு இரண்டு மூன்று ஓடு என்று போட்டுவிட்டு உட்கார்ந்து பாருங்கள். வாய் நிறைய மணலை அள்ளி, ஒரு சாண் தள்ளிப் போய்த் துப்பிவிட்டுத் திரும்பும். இரண்டு நாளில் நீங்கள் அடுக்கிய தரை இருக்காது, பள்ளமும் மேடுமாக அவற்றின் ஊர் இருக்கும். சில மாதங்களில் ஓட்டு வாயில் அரிசி அளவு தலைகள் எட்டிப்பார்க்கும். பெரிய மீன்கள் அவற்றைத் தின்பதில்லை, தலைமுறைகள் ஒன்றாகவே வாழும்.

ஒரு எச்சரிக்கை. மீன் கழிவிலிருந்து அம்மோனியா வரும். பிஎச் 7-ல் நீரிலுள்ள மொத்த அம்மோனியாவில் நச்சு வடிவம் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. 9-ல் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டிவிடும். அதனால் மல்டி தொட்டியில் அவசரம் ஆகாது. ஸ்பாஞ்ச் ஃபில்டரை ஓடவிட்டு, மீன் இல்லாமல் அம்மோனியா மட்டும் சேர்த்து நான்கு முதல் ஆறு வாரம் சைக்கிள் செய்யுங்கள், அதாவது அம்மோனியாவை முறிக்கும் பாக்டீரியா ஃபில்டரில் வளரவிடுங்கள். சோதனையில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டியபிறகு ஆறு இளம் மீன்களை விடுங்கள்.

அப்புறம், ஓட்டை வெளியே எடுத்தாலும் மல்டி உள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கும். காலி என்று நினைத்து வெயிலில் காயவைத்துவிடாதீர்கள்.