கூலிங் டவரா, ஏர் கூல்டு கண்டன்சரா?

கரூர் பக்கம் எங்கள் ஆலைக்கென்று 30 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் வரப்போகிறது. ஆறு மாதம் இழுத்த பேச்சு போன வாரம்தான் முடிந்தது. டர்பைனைச் சுற்றிவிட்டு வரும் நீராவியைத் தண்ணீரால் குளிர்விக்கக் கூலிங் டவர் வைத்து, அதன் கழிவுநீரை எவாபரேட்டரில் காய்ச்சி உப்பாக்குகிற யோசனையைக் கைவிட்டு, காற்றாலேயே குளிர்விக்கும் ஏர் கூல்டு கண்டன்சருக்குப் போய்விட்டோம்.

டவர் கழிவுநீரைச் சுத்திகரித்து ஆற்றில் விடலாமா என்ற கேள்விக்கே இடமில்லை. 2017 முதல் வரும் நிலக்கரி நிலையங்கள் கழிவுநீரை வெளியே விடக் கூடாது என்று 2015 டிசம்பரிலேயே மத்திய அரசு அறிவித்துவிட்டது.

டவருக்குச் சாதகம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: முதலீடு குறைவு, வெயிலில் தளராது, பழகிய ஆட்கள் கிடைப்பார்கள். எனக்கு இடித்தது உப்பு.

எங்கள் போர் தண்ணீரில் டி.டி.எஸ்., அதாவது கரைந்திருக்கும் உப்பு, லிட்டருக்கு 800 மில்லிகிராம். டவரில் மணிக்கு 60 கனமீட்டர் தண்ணீர் ஆவியாகும், உப்பு தங்கிவிடும். உப்பு நான்கு மடங்கு ஏறும்வரை சுற்றவிட்டால் மணிக்கு 20 கனமீட்டர் ப்ளோடவுன் (உப்பேறியதால் வெளியேற்ற வேண்டிய தண்ணீர்), டி.டி.எஸ். 3,200. ஆர்.ஓ. வடிகட்டி முக்கால்வாசித் தண்ணீரை மீட்டாலும் மிச்சம் 5 கனமீட்டர் எவாபரேட்டருக்குப் போகும். கடைசியில் நாளொன்றுக்கு ஒன்றரை டன் உப்பு. 50 கிலோ மூட்டையில் முப்பது. வருடத்துக்குப் பத்தாயிரம் மூட்டை!

முன்பு வேலை பார்த்த இடத்தில் இந்த எவாபரேட்டரோடு நான்கு வருடம் மல்லுக்கட்டியிருக்கிறேன். பத்து நாளைக்கொரு முறை நிறுத்தி ஆசிட் சுற்றவிடுவோம். கால்சியம் கரைந்துவிடும், சிலிக்கா அசையாது. டியூபுக்குள் கம்பியை விட்டால் பாதியிலேயே நிற்கும். அப்புறம் தண்ணீரைப் பீய்ச்சி அடைப்பெடுக்கும் ஜெட் வண்டிக்குச் சொல்லியனுப்ப வேண்டும். மழைக்காலத்தில் ஷெட்டிலிருக்கும் மூட்டைகள் ஈரம் குடித்துக் கசியும். திருப்பூர் சாயப்பட்டறைக்காரர்களாவது சோடியம் சல்ஃபேட்டைப் பிரித்துத் திரும்பச் சாயத்துக்கே போட முடிகிறது. எங்கள் கலப்பு உப்பைச் சீண்ட ஆளில்லை.

ஏர் கூல்டு கண்டன்சரில் நீராவி துடுப்பு வைத்த குழாய்களுக்குள் ஓடும், கீழே ராட்சத மின்விசிறிகள். குளிர்விக்கத் தண்ணீரே வேண்டாம் என்பதால் ப்ளோடவுன் என்ற பேச்சும் இல்லை. பாய்லர் கழிவுநீரும், பாய்லருக்குப் போகும் தண்ணீரில் உப்பை நீக்கும் டி.எம். பிளான்டின் உப்புக் கழிவுநீரும் சேர்ந்து நாளுக்கு 50 கனமீட்டருக்குள் அடங்கும். நிலக்கரி யார்டில் தூசி அடக்கவும் சாம்பலை நனைக்கவும் அது சரியாகப் போய்விடும்.

சரி, விலை இல்லாமலா? மின்விசிறிகள் கரண்ட் தின்னும். மே மாத மதியத்தில் நீராவி சரியாகக் குளிராமல் கண்டன்சருக்குள் வேக்யூம் (வெற்றிடம்) இறங்கி, 30 மெகாவாட் 27க்கு வரும் என்பது எங்கள் கணக்கு. ஜார்க்கண்டில் என்.டி.பி.சி.யின் வடக்கு கரன்புரா மின்நிலையம் 660 மெகாவாட் யூனிட்டுகளையே இப்படித்தான் குளிர்விக்கிறது. ஆனால் எங்கள் வெயிலில், எங்கள் நிலக்கரித் தூசியில் துடுப்புகளை எத்தனை நாளைக்கொரு முறை கழுவ வேண்டியிருக்கும் என்பது ஓட்டிப் பார்த்தால்தான் புரியும்.

இன்னொன்றும் உறுத்துகிறது. எங்கள் சாம்பலை எடுக்கப்போவது செங்கல் போடுகிறவர்கள். உப்பேறிய சாம்பலில் போட்ட கல் சுவரில் வெள்ளையாகப் பூத்தால் அடுத்த லாரி வராது. அதனால் டி.எம். கழிவை மட்டும் தனி லைனில் யார்டுக்கே திருப்பச் சொல்லியிருக்கிறேன்.