மார்கழி மசாலா காபி: ரெடிமேட் பாக்கெட்டும் மில்லில் அரைத்த பொடியும்

போன மார்கழியில் பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகள் தர்மபுரிக்கு வந்தபோது கையோடு ஒரு மசாலா காபி பொடி பாக்கெட் கொண்டுவந்தாள். பட்டை, ஜாதிக்காய், கிராம்பு, சுக்கு எல்லாம் கலந்தது, வெந்நீர் ஊற்றினால் போதும் என்று மேலே போட்டிருந்தது. 200 கிராம் 340 ரூபாய். "அம்மா, அமெரிக்காவில் குளிர் ஆரம்பித்தால் எல்லாரும் இதைத்தான் குடிப்பார்கள்" என்றாள். அவள் சொன்னது பூசணி மசாலா லாட்டே என்ற பால் காபியை. ஸ்டார்பக்ஸ் என்ற அமெரிக்கக் காபிக் கடை நிறுவனம் 2003ல் கொண்டுவந்தது. பெயரில் பூசணி இருந்தாலும் வாசனை முழுக்கப் பட்டை, ஜாதிக்காய், கிராம்பு, இஞ்சிதான், பூசணிக் கூழை 2015ல்தான் சேர்த்தார்களாம். இதைக் கேட்டதும், அட, நம் வீட்டு அஞ்சறைப்பெட்டியில் இருப்பதுதானே என்று எனக்கு ஒரே ஆர்வம்.

முதலில் பாக்கெட்டைச் சொல்லிவிடுகிறேன். பிரித்ததும் வாசனை நன்றாகத்தான் தூக்கியது. ஆனால் டம்ளரில் கலக்கிக் குடித்தால் நாக்கில் இனிப்புதான் நிற்கிறது, தொண்டையில் சுக்கு இறங்கும்போது வருமே ஒரு சுள்ளென்ற சூடு, அது துளியும் இல்லை. பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன். உட்பொருள் பட்டியலில் முதல் பெயர் சர்க்கரை, அடுத்தது பால் பவுடர், மூன்றாவதாகத்தான் காபியும் சிக்கரி என்ற வறுத்த வேர்ப் பொடியும் சேர்ந்த கலவை, மசாலா கடைசியில், அதோடு ஒரு சுவையூட்டி. எடையில் எது அதிகமோ அதை முதலில் போட வேண்டும் என்பது சட்டம், அதனால் இந்த வரிசையே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. 340 ரூபாய் கொடுத்து முக்கால்வாசி சர்க்கரையும் பால் பவுடரும் வாங்கியிருக்கிறோம் என்று மகளுக்கும் வருத்தம். இரண்டு நாளுக்கு மேல் யாரும் அதைத் தொடவில்லை.

சரி, நாமே செய்வோம் என்று கடைவீதியில் நான் வழக்கமாகக் காபித்தூள் வாங்கும் மில்லுக்குப் போனேன். இந்தக் கடையைப் பற்றி நல்லதாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். கண்ணெதிரே கொட்டையை வறுத்து, எந்த அளவுக்கு அரைக்க வேண்டும் என்று கேட்டு அரைத்துத் தருகிறார்கள். ஏற்காட்டுக் கொட்டை கேட்டால் கிடைக்கும். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் ஏற்காட்டில் காபி வைத்தது முதல் அந்த மலை நமக்குப் பக்கத்துத் தோட்டம், அதை விட்டுவிட்டு எங்கிருந்தோ வரும் பாக்கெட்டை ஏன் வாங்க வேண்டும்? சிக்கரி எவ்வளவு என்பதையும் நாமே சொல்லலாம், நான் காபி 80க்குச் சிக்கரி 20 சொல்வேன். சட்டப்படி 49 சதவீதம் வரை சிக்கரி கலக்கலாம், பாக்கெட்டில் அதைப் போட்டும் இருப்பார்கள், நாம்தான் படிப்பதில்லை.

மசாலாவையும் அங்கேயே அரைத்துத் தரச் சொன்னேன். மில்லில் இருந்த பெரியவர் சுக்கை எடுத்துப் பார்த்துவிட்டு, "என்ன கண்ணு, தோலைச் சீவாமல் கொண்டுவந்திருக்கிறாய்? சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சுன்னு வீட்டில் சொல்லித் தரலையா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அப்புறம் வீட்டுக்கு வந்து கத்தியால் மேல்தோலைச் சுரண்டினேன். உள்ளே வெளிர் மஞ்சளாக, நார் நாராக, மூக்கில் ஏறும் வாசனை. சுண்ணாம்பு பூசி வெளுப்பாக்கிய சுக்கு பார்க்க அழகாக இருக்கும், ஆனால் நான் பழுப்பாக இருப்பதைத்தான் வாங்குவேன்.

நான் கொடுத்த கணக்கு: சுக்கு 50 கிராம், மிளகு 10 கிராம், ஏலக்காய் பத்து, கிராம்பு ஆறு, திப்பிலி நான்கு. எல்லாவற்றையும் வெறும் சட்டியில் லேசாகச் சூடு காட்டி, ஆறவைத்து, கொரகொரப்பாக அரைக்க வேண்டும். கொரகொரப்பு முக்கியம். முதல் தடவை மாவு மாதிரி நைசாக அரைத்து, பட்டையையும் பொடித்துச் சேர்த்து, அதைக் காபித்தூளோடு கலந்து பித்தளை பில்டரில் போட்டு வெந்நீர் ஊற்றினேன். அரை மணி நேரம் கழித்துக் கீழ்ப் பாத்திரத்தைத் திறந்தால் நான்கு சொட்டு டிகாக்ஷன். மேலே தண்ணீர் அப்படியே நிற்கிறது, கரண்டியால் கிளறினால் அடியில் வழவழவென்று கொழகொழப்பு. பட்டைப் பொடி வெந்நீரில் ஊறினால் அப்படித்தான் கொழகொழத்து ஓட்டைகளை அடைத்துக்கொள்கிறது. இரண்டாம் தடவை பட்டையைப் பொடிக்கவில்லை, ஒரு விரல் நீளத் துண்டைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரை பில்டரில் ஊற்றினேன். மூன்று ஸ்பூன் காபித்தூளுக்குக் கால் ஸ்பூன் கொரகொர மசாலா. டிகாக்ஷன் சொட்டுச் சொட்டாக, தேன் நிறத்தைத் தாண்டிய கறுப்பில், இருபது நிமிடத்தில் இறங்கிவிட்டது. அந்த மூடியைத் திறந்தபோது வந்த வாசனையை இன்னும் மறக்கவில்லை.

ஜாதிக்காயைப் பொடியோடு சேர்க்க வேண்டாம். டம்ளரில் காபி கலந்த பிறகு துருவியில் இரண்டு இழுப்பு இழுத்தால் போதும், அதற்கு மேல் போனால் கசக்கும்.

இனிப்புக்குப் பனைவெல்லம்தான். கடத்தூர் சந்தையில் வாங்கிய வட்டு வீட்டில் இருந்தது. ஆனால் பால் கொதிக்கும்போது அதைப் போடாதீர்கள், பால் திரிந்துவிடும், எனக்கு அரை லிட்டர் போயிற்று. வெல்லத்தைத் தனியாகக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து வடிகட்டி, டம்ளரில் முதலில் ஊற்றி, மேலே டிகாக்ஷன், அதன் மேல் அடுப்பிலிருந்து இறக்கிய பால் என்று ஊற்றினால் ஒன்றும் ஆகாது. பச்சை இஞ்சி தட்டிப் போடுகிறவர்களும் கவனிக்க வேண்டும், இஞ்சியில் பாலைத் திரிக்கும் ஒரு நொதி இருக்கிறது, அதனால் தண்ணீரில் நன்றாகக் கொதித்த பிறகுதான் பால் சேர்க்க வேண்டும்.

என் அம்மாவுக்குப் பால் ஆகாது, அவருக்கு அதே பொடியில் இரண்டு பங்கு வறுத்த மல்லி சேர்த்துச் சுக்கு மல்லி காபியாகவே போட்டுக் கொடுத்தேன். காபித்தூளே இல்லாத காபி அது. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் காலையில் ஒன்பது மணி வரை பனி விலகாத நாட்களில் அதற்கு ஈடு எதுவும் இல்லை என்பது என் எண்ணம். மகளுக்கோ பால் ஊற்றிய மசாலா காபிதான் பிடித்தது, அவள் வாங்கிவந்த பாக்கெட்டைவிட இதில் ஜாதிக்காய் வாசனை நிஜமாக இருக்கிறது என்றாள்.

செலவு என்று பார்த்தால் மசாலாச் சாமான் எல்லாம் சேர்த்து 140 ரூபாய்க்குள் முடிந்தது, அரைக்கும் கூலி 20 ரூபாய். கால் ஸ்பூன் கணக்கில் குளிர்காலம் முழுக்க வரும். பாக்கெட்டைத் திரும்ப வாங்க மாட்டேன், மில்லுக்குத் தாராளமாகப் போகலாம், ஆனால் ஒன்றைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள்: எந்திரத்தில் அதற்கு முன் மிளகாய் அரைத்தார்களா என்று. காபி அரைக்கிற எந்திரமும் மசாலா அரைக்கிறதும் இங்கே தனித்தனி, எல்லாக் கடையிலும் அப்படி இருக்காது. ஒரு மாதத்துக்கு மேல் ஆனால் ஏலக்காய் வாசனை அடங்கிவிடுகிறது, அதனால் இந்த முறை சுக்கையும் மிளகையும் மட்டும் அரைத்து வைத்துக்கொண்டு, ஏலக்காயை அன்றன்றைக்குத் தட்டிப் போடுகிறேன்.