டர்பனில் பேட்டிகளை எழுத்தாக்கக் கொடுத்தேன்: 16,560 ராண்ட்

“இந்தக் கம்பெனிக்குள் டாடா எப்போது வந்தது?” என்று என் வழிகாட்டிப் பேராசிரியர் கேட்டபோது எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பேட்டி கொடுத்தவர் தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே கரும்புக்காட்டு ஊரொன்றில் மூன்று தலைமுறையாக லாரித் தொழில் செய்யும் குடும்பத்துக்காரர், அங்கே டாடாவுக்கு என்ன வேலை? வீட்டுக்கு வந்து ஒலிப்பதிவை ஓடவிட்டுக் கேட்டேன். “தாத்தா ஸ்டார்ட்டட் வித் ஒன் லாரி” என்கிறார் மனிதர். இந்த ஊரில் தமிழ்ப் பேச்சே போய்விட்ட வீடுகளில்கூட தாத்தா தாத்தாவாகத்தான் இருக்கிறார், ஆயா ஆயாவாகத்தான் இருக்கிறார். எழுத்தாக்கிக் கொடுத்த நிறுவனம் அவரைப் பிடித்து மும்பைக்கு அனுப்பிவிட்டது. ஒரே பேட்டியில் 19 இடங்களில்.

அந்த நிறுவனத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெயர் சொல்லப் போவதில்லை, பணம் திரும்பத் தருவது பற்றி இன்னும் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. வேலை என்னவென்றால், நீங்கள் பேட்டியைப் பதிவு செய்து ஒலிக்கோப்பை அனுப்ப வேண்டும், அவர்கள் அதைக் கேட்டுத் தட்டச்சு செய்து வேர்ட் கோப்பாகத் தருவார்கள். நிமிடத்துக்கு 18 ராண்ட். என்னுடையது 14 பேட்டிகள், மொத்தம் 800 நிமிடம், 14,400 ராண்ட், அதன்மேல் 15 சதவீத வாட் 2,160, ஆக 16,560 ராண்ட். சம்பளத்தில் குடும்பம் நடத்திக்கொண்டு பகுதிநேரமாக முனைவர் பட்டம் படிக்கிறவனுக்கு இது சின்னக் காசு இல்லை. நீயே தட்டச்சு செய்யக் கூடாதா என்று கேட்பீர்கள். ஒரு மணி நேரப் பேட்டியை ஒழுங்காக எழுதி முடிக்க எனக்கு ஆறு மணி நேரம் பிடிக்கிறது, பகலில் வேலை, இரவில் பிள்ளைகளின் வீட்டுப்பாடம், சரி போகட்டும் என்று கொடுத்துவிட்டேன்.

எதற்காக இந்தப் பேட்டிகள் என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஏன் இவ்வளவு கோபப்படுகிறான் என்று தோன்றும். குவாசுலு-நட்டாலில் குடும்பத்தார் கையில் இருக்கும் நிறுவனங்களில் சுயேச்சை இயக்குநர்கள், அதாவது நிர்வாகத்தோடு ஒட்டு உறவில்லாமல் இயக்குநர் குழுவில் உட்காரும் வெளியாட்கள், உண்மையில் என்ன செய்கிறார்கள் என்பது என் ஆய்வு. கார்ப்பரேட் கவர்னன்ஸ், அதாவது நிறுவன ஆளுகை, என்று தென்னாப்பிரிக்காவில் பேச்செடுத்தால் ‘கிங்’ என்ற ஒரே சொல்லில் வந்து நிற்கும். நீதிபதியாக இருந்த மெர்வின் கிங் தலைமையில் 1994இல் முதல் அறிக்கை வந்தது, பிறகு 2002, 2009, 2016, 2025 என்று அடுத்தடுத்து வந்தன. 2016இல் வந்த நான்காவது அறிக்கை, மூன்றாவதில் 75 ஆக இருந்த கொள்கைகளை 17 ஆகச் சுருக்கியது. ‘பின்பற்று அல்லது ஏன் இல்லை என்று விளக்கு’ என்று இருந்ததை ‘பின்பற்று, எப்படி என்று விளக்கவும் செய்’ என்று மாற்றியது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆண்டறிக்கைகளை வரிசையாக எடுத்துப் படித்துப் பாருங்கள், எல்லோரும் எல்லாவற்றையும் பின்பற்றுகிறார்கள்! 2017 டிசம்பரில் ஸ்டைன்ஹாஃப் என்ற பெரிய சில்லறை வணிகக் கம்பெனி கணக்கு மோசடியில் சரிந்தபோது அங்கேயும் கணக்கைக் கண்காணிக்கும் தணிக்கைக் குழு இருந்தது. எங்கள் பக்கத்து டொங்காட் ஹியூலெட் சர்க்கரைக் கம்பெனியின் கணக்கில் சுமார் 1,200 கோடி ராண்ட் ஊதிக் காட்டப்பட்டிருந்தது 2019இல் வெளியே வந்தபோது அங்கேயும் இருந்தது. நம் ஊர்க்காரர்களுக்கு ஹைதராபாத் மென்பொருள் கம்பெனி சத்யத்தின் கதையே போதும்: 2008இல் நல்ல ஆளுகைக்கு விருது, 2009 ஜனவரி 7ஆம் தேதி கணக்கு மோசடியை ஒப்புக்கொண்டு தலைவர் ராமலிங்க ராஜுவின் கடிதம், அதில் தான் புலிமேல் ஏறிவிட்டு இறங்கத் தெரியாமல் இருந்ததாக அவரே எழுதியிருந்தார்.

எத்தனை சுயேச்சை இயக்குநர்கள், எத்தனை கூட்டம், எத்தனை பெண்கள் என்று எண்ணிக் கணக்குப் போடும் ஆய்வுகள் மலைமலையாக இருக்கின்றன. அந்த அறைக்குள் யார் வாயைத் திறக்கிறார், யார் சொல்ல வந்ததை மென்று விழுங்குகிறார் என்பது அந்த எண்ணிக்கையில் வராது. உள்ளே உட்கார்ந்து பார்க்கலாம் என்றால் இயக்குநர் குழுக் கூட்டத்துக்குள் வெளி ஆளை யார் விடப் போகிறார்கள்? மினிட்ஸ் புத்தகம் கிடைத்தாலும் அது இஸ்திரி போட்டு மடித்து வைத்த சட்டை மாதிரி இருக்கும். மிஞ்சுவது பேட்டிதான், அதுவும் ஆறு மாதம் மின்னஞ்சல் அனுப்பி, செயலாளரிடம் கெஞ்சி, உம்லாங்காவில் ஏதோ ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் 50 நிமிடம் வாங்கினால். பண்புசார் ஆய்வில் அந்த 50 நிமிடத்தின் எழுத்துப் பிரதிதான் எனக்கு மூலப்பொருள். வரிவரியாகப் படித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு குறிச்சொல் போட்டு, குறிச்சொற்களைச் சேர்த்து வகை பிரித்து, அதிலிருந்துதான் மேலே போக முடியும். பிரதி கோணினால் எல்லாம் கோணல்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஒரு பெரியவர், ஒரே கம்பெனியில் 11 வருஷமாகச் சுயேச்சை இயக்குநர். ஒன்பது வருஷத்துக்கு மேல் இருக்கிறவர் இன்னும் சுயேச்சையாகத்தான் இருக்கிறாரா என்று இயக்குநர் குழு வருஷாவருஷம் மதிப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்பது நான்காவது கிங் அறிக்கையின் ஏற்பாடாக இருந்தது. “அந்த மதிப்பீடு உங்கள் விஷயத்தில் எப்படி நடந்தது? உங்களையே நீங்கள் சுயேச்சை என்று நினைக்கிறீர்களா?” என்று கேட்டேன். மனிதர் பதில் சொல்லவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், டையின் நுனியால் துடைத்தார், ஜன்னல் பக்கம் பார்த்தார். பின்னால் எங்கேயோ ஜெனரேட்டர் ஓடும் சத்தம் மட்டும் பதிவில் கேட்கிறது. முழுசாக ஏழு விநாடி. அப்புறம் லேசாக ஒரு சிரிப்பு, “வெல்… ஐ மீன்… யெஸ், யெஸ், ஆஃப் கோர்ஸ்” என்றார். 14 பேட்டியிலும் எனக்குக் கிடைத்த பெரிய முத்து அது. பிரதியில் என்ன வந்தது தெரியுமா? “ஆஃப் கோர்ஸ்.” அவ்வளவுதான், முற்றுப்புள்ளி. கூச்சமே இல்லாமல் அடித்துச் சொன்ன ஆளாக அவரை ஆக்கிவிட்டார்கள். நான் அந்த அறையில் இல்லாமல், பிரதியை மட்டும் படித்து ஆய்வு செய்கிறவனாக இருந்திருந்தால் ‘தன் சுயேச்சைத்தன்மையில் உறுதியான நம்பிக்கை’ என்று குறிச்சொல் போட்டிருப்பேன்.

போன் போட்டுக் கேட்டேன். நான் எடுத்தது ‘சுத்தப் பிரதி’ பேக்கேஜாம். ம், ஆ, திக்கல், சிரிப்பு, இடைவெளி எல்லாவற்றையும் நீக்கிவிடுவார்களாம். ‘உள்ளது உள்ளபடி’ வேண்டுமென்றால் நிமிடத்துக்கு 26 ராண்ட். படிவத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன், ஆமாம், நான்தான் டிக் போட்டிருக்கிறேன், அந்தப் பாதித் தப்பு என்னுடையது. ஆனால் ஆர்டர் கொடுக்கும் முன் மாதிரிக்கு என்று அவர்கள் அனுப்பிய பக்கத்தில் இடைவெளிகள் விநாடிக் கணக்கோடு இருந்தன. அதைக் காட்டி இதைத் தருவது ஜவுளிக்கடைக்காரர் கண்ணாடி அலமாரியில் பட்டைக் காட்டிவிட்டு உள்ளேயிருந்து பாலியஸ்டரைக் கட்டிக் கொடுக்கிற வேலை.

அடுத்தது ‘லானி’. டர்பன் இந்தியர்களோடு ஒரு வாரம் பழகியவர்களுக்குக் கூடத் தெரியும், முதலாளி, பெரிய இடத்து ஆள், கோட்டுசூட்டுப் பேர்வழி, எல்லாவற்றுக்கும் லானிதான். லாரிக் குடும்பத்தில் மூத்தவர் பேச்சுவாக்கில், வெளியிலிருந்து வந்த சுயேச்சை இயக்குநர்களை ‘தி லானீஸ்’ என்றே சொன்னார்: லானிகள் கையெழுத்துப் போடுவார்கள், லானிகளுக்கு லஞ்ச் சொல்ல வேண்டும், முடிவு முந்தின ஞாயிற்றுக்கிழமையே அக்கா வீட்டில் எடுத்தாயிற்று. பிரதியில் அவர்கள் எல்லாம் ‘தி லான்ஸ்’, அதாவது புல்வெளிகள். புல்வெளிகள் கையெழுத்துப் போடுகின்றன, புல்வெளிகளுக்கு மதியச் சாப்பாடு! சிரித்தேன், பொய் சொல்லவில்லை. ஆனால் பேட்டி கொடுத்தவரின் வாய்ச்சொல்லையே குறிச்சொல்லாக எடுத்துக்கொள்வது இந்த ஆய்வு முறையில் முக்கியமான வழக்கம், கடைசியில் என் ஆய்வின் நடுத்தூணாக வந்து நின்றது இந்த ‘லானி’தான், வீட்டு ஆள் / லானி என்ற பிரிவு மற்ற மூன்று குடும்பங்களிலும் வேறுவேறு பேரில் இருந்தது. ஒலிப்பதிவைத் திரும்பக் கேட்காமல் இருந்திருந்தால் அது தோட்டத்தோடு போயிருக்கும்.

இதையெல்லாம்கூட மன்னிக்கலாம். மன்னிக்க முடியாதது வேறு. கோப்பின் விவரங்களைத் தற்செயலாகப் பார்த்தபோது, கடைசியாகத் திருத்திய நேரம் நம் கணக்குக்கு அதிகாலை மூன்று மணி, மொழி அமைப்பு வேறு நாட்டு ஆங்கிலம். யார் வேலை செய்கிறார்கள் என்று கேட்டால் ‘எங்கள் சர்வதேசக் கூட்டாளிகள்’ என்று பதில். இந்த நாட்டில் பொப்பியா என்று ஒரு தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, 2020 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்து ஒரு வருஷ அவகாசத்துக்குப் பிறகு முழுசாகப் பிடிக்கத் தொடங்கியது. நாட்டுக்கு வெளியே தகவலை அனுப்பவே கூடாது என்று அது சொல்லவில்லை, ஆனால் சம்மதமோ அதற்கு ஈடான பாதுகாப்போ இருக்க வேண்டும். நான் இயக்குநர்களிடம் கையெழுத்து வாங்கிய சம்மதக் கடிதத்திலேயே ‘ஒலிப்பதிவு தென்னாப்பிரிக்காவை விட்டுப் போகாது’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவிடம் போய் நானே சொன்னேன். 14 பேருக்கும் கடிதம் எழுதினேன். 13 பேர் பரவாயில்லை என்றார்கள், ஒருவர் விலகிக்கொண்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆறு மாதம் அலைந்து வாங்கிய பேட்டி, அழித்துவிட்டேன்.

பெயர் மறைப்பதிலும் இதே அலட்சியம். ஆளின் பெயரை எடுத்துவிட்டு ‘பங்கேற்பாளர் 6’ என்று போட்டார்கள், சரி. அடுத்த வரியிலேயே அவர் எந்தக் கோயில் குழுவில் இருக்கிறார், எந்த வருஷம் எந்தக் கம்பெனியின் தணிக்கைக் குழுத் தலைவியானார் என்று அப்படியே இருக்கிறது. டர்பன் சின்ன ஊர், அதிலும் இந்திய வம்சாவளித் தொழில் வட்டாரம் ஒரு கல்யாண மண்டபத்துக்குள் அடங்கிவிடும். அந்த அம்மாள் யார் என்று மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயில் தீமிதிக்கு வருகிற யாரும் சொல்லிவிடுவார்கள். இதைச் சரிசெய்வது என் பொறுப்பு என்பது ஒருபக்கம் இருக்கட்டும், ‘அடையாளம் நீக்கும் சேவை’ என்று அதற்கென 300 ராண்ட் தனியாகக் கேட்டிருந்தார்கள், நல்லவேளை கொடுக்கவில்லை.

நல்லதும் சொல்ல வேண்டும். சொன்ன ஐந்து நாளில் கொடுத்தார்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒரு நேரக்குறி போட்டிருந்ததால் ஒலியோடு ஒத்துப் பார்ப்பது சுலபமாக இருந்தது. ஜோஹன்னஸ்பர்க்கின் பணக்காரப் பகுதியான சாண்ட்டன் ஆங்கிலம் பேசும் மூன்று பேரின் பிரதிகளில் கைவைக்கவே வேண்டியிருக்கவில்லை. போனில் யாரும் எரிந்து விழவில்லை. அப்புறம், நான் கத்திய கத்தலில், நான்கு பேட்டிகளை இலவசமாகத் திரும்பச் செய்ய டர்பன் பக்கம் பீனிக்ஸில் இருக்கும் தங்கள் ஆள் ஒருவரிடம் கொடுத்தார்கள். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், இங்கே வழக்கப்படி நானும் ஆன்ட்டி என்றே கூப்பிட்டேன். அவர் போன் பண்ணி முதலில் கேட்ட கேள்வியே “தம்பி, தாத்தாவுக்கு ‘ட்டி எச்’ போடவா?” என்பதுதான், அந்த ‘தம்பி’ மட்டும் தமிழ், மீதி ஆங்கிலம். ‘துன்னி’ ஆட்டத்தை வைத்து ஒருவர் சொன்ன உவமையை முதல் பிரதி டூனா மீன் ஆக்கியிருந்தது. இவர் சரியாக எழுதி, ஓரத்தில் “சீட்டாட்டம், கையில் இருப்பதைக் காட்டாமல் ஆடுகிறார் என்று அர்த்தம்” என்று குறிப்பும் போட்டிருந்தார். அந்த ஏழு விநாடியை அடைப்புக்குறிக்குள் ஏழு விநாடி என்றே எழுதியிருந்தார், பக்கத்தில் ‘சிரிப்பு, சந்தோஷமாக இல்லை’ என்று. அந்தக் கடைசிச் சொல்லை நான் ஆய்வில் எடுத்துக்கொள்ள முடியாது, அது அவருடைய விளக்கம், ஆனாலும் படித்தபோது உடம்பு சிலிர்த்தது.

மாற்று வழி கேட்பவர்களுக்கு: சொந்த மடிக்கணினியிலேயே ஓடும் இலவசத் திறமூல மென்பொருள் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். இணையம் வேண்டாம், கோப்பு வெளியே போகாது, பொப்பியா தலைவலி இல்லை. ஆனால் யாரும் பேசாத இடத்தில் அதற்குக் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. அந்தப் பெரியவரின் மௌனத்தில் ‘பார்த்ததற்கு நன்றி’ என்று ஒரு வரி அதுவாகவே எழுதிவிட்டது, ஏதோ யூடியூப் வீடியோ முடிகிற மாதிரி. இவர்கள் மௌனத்தை வெட்டினார்கள், அது மௌனத்தை நிரப்புகிறது. இருந்தாலும் முதல் வரைவுக்கு அதுவே போதும், அதை வைத்துக்கொண்டு நானே உட்கார்ந்து திருத்தினால் ஆறு மணி நேரம் மூன்றாகக் குறைகிறது.

ஆக என் மதிப்பெண் ஐந்துக்கு இரண்டு. வாடிக்கையாளர் கருத்துக்கணிப்பு, குழு விவாதம், யார் என்ன சொன்னார் என்பது மட்டும் தெரிந்தால் போதும் என்கிற வேலைக்குக் கொடுங்கள், காசுக்குக் குறையில்லை. இயக்குநர்களை, அதிகாரத்தில் இருப்பவர்களைப் பேட்டி எடுக்கிறவர்கள் கொடுப்பதாக இருந்தால் யார் தட்டச்சு செய்கிறார், எந்த ஊரில் இருந்து என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு, ஒரே ஒரு பேட்டியை ‘உள்ளது உள்ளபடி’யில் கொடுத்துப் பார்த்துவிட்டு மீதியைக் கொடுங்கள். இடங்கள், உறவுமுறைகள், வட்டாரச் சொற்கள் என்று ஒரு பக்கப் பட்டியல் கூடவே வையுங்கள், நான் வைக்கவில்லை. எனக்கு இன்னும் ஐந்து பேட்டி பாக்கி இருக்கிறது. பீனிக்ஸ் ஆன்ட்டி மாதக் கடைசியில் அந்த நிறுவனத்தை விட்டு நிற்கப் போகிறாராம், நிமிடத்துக்கு 20 ராண்ட் கேட்டிருக்கிறார், கொடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.